சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு பக்கம்

சேர்வராயன் மலையின் பின்சரிவில், பேருந்து திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் நான்கு கிலோமீட்டர் நடந்தால் வரும் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர், சேர்க்கைப் பதிவேட்டை ஈரம் படாமல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு வந்திருந்தார். மூன்று வாய்தாக்களுக்கு அவர் இப்படி வந்து, காலை முழுவதும் வராண்டாவில் நின்று, விசாரணை தள்ளிவைக்கப்பட்டதென்று கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நான்காம் முறை கூண்டில் ஏறியபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை விரித்து, அதில் பதிவான பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்ததாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, உங்கள் மலையில் மற்ற மாதங்களில் குழந்தைகளே பிறப்பதில்லையா என்று கேட்டார். தலைமையாசிரியர் பதற்றப்படவில்லை. "மாதம் தவறியிருக்கலாம் ஐயா, வருஷம் தவறல. அந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுந்தது என் வகுப்பறையிலதான்" என்றார். தட்டச்சர் அதையும் சேர்த்தே பதிவு செய்தார்.

நான் சேலத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 40ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தன் தரப்பில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது; அந்த உரிமையின்படி, அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் சில சிறுமிகளுக்காக நின்றிருக்கிறேன். அதே சட்டம் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே ஊர், ஆண்டு, உறவுமுறை ஆகியவற்றில் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். வழக்கின் உள்ளடக்கத்தை மாற்றவில்லை.

தலைமையாசிரியர் சாட்சி சொன்ன வழக்கின் சிறுமிக்கு அப்போது பதினைந்து வயது. உறவுமுறையில் மாமன் ஆகிற முப்பத்தொரு வயது ஆண் அவளைத் தன் வீட்டில் வைத்திருந்தார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பப் பதிவுக்காக ஆதார் அட்டையைக் கேட்டபோது வயது வெளியே வந்தது. சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தகவல் காவல் துறைக்குப் போயிற்று. அன்றிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே விடைதான்: எங்கள் வழக்கப்படி கட்டிக்கொடுத்துவிட்டோம், இதில் போலீசுக்கு என்ன வேலை.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்த விடைக்கு நிற்க இடமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீதிமன்ற வளாகத்திலேயே சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி அச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. சேலம் மாவட்ட மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள். ஆகவே அவர்களுடைய திருமணம் செல்லுமா என்பதை அவர்களுடைய வழக்கமே தீர்மானிக்கிறது. இதுவரை சரி. இதிலிருந்து, திருமண வயதையும் வழக்கமே தீர்மானிக்கும் என்று தாவுவதுதான் பிழை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பழங்குடியினருக்கு விலக்கு எதையும் தரவில்லை. பழங்குடியினருக்காகச் சட்டங்களுக்கு விலக்கு அளிக்க அரசமைப்பு இடம்தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நிலமும் இல்லை. அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்ட வலிமை கொண்ட வழக்காறும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்குவதால், அடிப்படை உரிமைக்கு முரணான வழக்காறு அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது. போக்சோவின் 42அ பிரிவோ, வேறு எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் இச்சட்டமே மேலோங்கும் என்று நேராகவே சொல்கிறது.

நெடுங்காலம் ஒரு கதவு திறந்தே இருந்தது உண்மைதான். இந்திய தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வை வரையறுத்த 375ஆம் பிரிவிலிருந்த இரண்டாம் விதிவிலக்கு, பதினைந்து வயதுக்குக் குறையாத மனைவியோடு கணவன் கொள்ளும் உறவைக் குற்றமல்ல என்றது. 2012இல் போக்சோ வந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் குழந்தையே என்று சொன்ன பிறகும் அந்த விதிவிலக்கு ஐந்து ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தது. 2017 அக்டோபர் 11 அன்று நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா ஆகியோர் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, பதினைந்து என்பதைப் பதினெட்டு என்றே படிக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு அந்த வயதைத் தன் எழுத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதைவிடவும் முக்கியமான ஒன்றை என் கட்சிக்காரர்களின் குடும்பங்களுக்கு நான் மறுபடி மறுபடி விளக்கவேண்டியிருக்கிறது. போக்சோவின் 5ஆம் பிரிவு கடுமையான குற்றங்களைப் பட்டியலிடுகிறது. இரத்த உறவாலோ தத்தாலோ திருமணத்தாலோ குழந்தைக்கு உறவினராக இருப்பவரும், குழந்தையோடு ஒரே வீட்டில் வாழ்பவரும் செய்யும் குற்றம் அதில் அடக்கம். நான் அவளுடைய கணவன் என்று சொல்லித் தப்ப நினைக்கும் ஆண், அந்தச் சொல்லாலேயே கூடுதல் தண்டனைக்குரிய பிரிவுக்குள் தானாக நடந்து வருகிறார். 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இந்தப் பிரிவை எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆயினும், தாலி என்பது பழியைக் குறைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் மட்டுமல்லாமல் சில காவல் நிலையங்களிலும் அசைக்கமுடியாமல் இருக்கிறது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் இந்த வழக்குகள் ஏன் தோற்கின்றன? என் அனுபவத்தில், வழக்கம் என்ற சொல் சட்ட வாதமாக நீதிபதியின் முன் வைக்கப்படுவதே அரிது. அது சாட்சிகளுக்குள் நின்று வேலை செய்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, திருமணத்தை நடத்திவைத்த அல்லது தடுக்கத் தவறிய பெற்றோரையும் குற்றவாளியாக்குகிறது. பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை என்ற சலுகை மட்டும் உண்டு. அப்பாவைக் குற்றவாளியாகச் சேர்த்தால் அவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. சேர்க்காமல் சாட்சியாக வைத்தால், தாலி கட்டியதை ஒப்புக்கொண்டால் தானும் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் கூண்டேறியதும் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்ந்துவிடுகிறார். அம்மா, பாட்டி, பூசாரி, பந்தல் போட்டவர் என வரிசையில் வரும் அனைவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். தாலி கட்டிய நாளில் ஊரே இருந்தது. நீதிமன்றத்தில் அன்றைக்கு யாருமே ஊரில் இல்லை.

அந்த வழக்குக்காக நான் மலைக்குப் போயிருந்தபோது, எண்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய பாட்டி ஒருவர், வெயிலில் மிளகு காயவைத்துக்கொண்டே பேசினார். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவர் உறவுதான். வழக்கப்படி நடந்த கல்யாணம் என்கிறார்களே என்று கேட்டேன். "எங்க காலத்துல ஊரு கூடாம கல்யாணம் ஏது கண்ணு? பரிசம் வெச்சு, நாட்டாருக்குச் சொல்லி, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் ஒக்காந்து பேசித்தான் தாலி. இது நர்சம்மா நோட்டுல எழுதிக்கிட்டுப் போன ராத்திரி கட்டுனது. இத எங்க வழக்கம்னு சொன்னா எங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். நீதிமன்றத்துக்கு வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் மிளகைத் துழாவிக்கொண்டிருந்துவிட்டு, நான் இன்னும் இந்த ஊரில்தானே சாகவேண்டும் என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கவேண்டுமா என்ற கேள்வி இன்றும் எனக்குள் இருக்கிறது.

வழக்காறு ஒன்றை நீதிமன்றம் ஏற்கவேண்டுமானால் அது தொன்மையானது, உறுதியானது, இடையறாதது, நியாயமானது என்று அதைச் சொல்பவரே நிரூபிக்கவேண்டும். நான் கண்ட வழக்குகளில் பெரும்பாலானவை இந்த அளவுகோலின் முதல் படியையே தாண்டாதவை. காவல் துறைக்குத் தகவல் போன பிறகு பிறந்த வழக்கங்கள் அவை. ஆகவே எதிர்த்தரப்பு வழக்கம் என்று சொல்லும்போது நம் தரப்பு வாளாவிருந்துவிடாமல், எந்த நாளில், எந்தக் கோயிலில், யார் முன்னிலையில், செவிலியரின் பதிவுக்கு முன்பா பின்பா என்று கேட்டு எழுத்தில் ஏற்றவேண்டும் என்பது நான் கற்றுக்கொண்ட பாடம். வழக்கம் உண்மையாகவே இருந்தாலும் அது விடுதலை தராது என்பது வேறு. அந்த மக்களின் பெயரால் பொய்யான வழக்கமொன்று நீதிமன்றத் தாளில் ஏறிவிடக்கூடாது என்பதும் எனக்கு முக்கியம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதை மலைவாழ் மக்களின் பிரச்சினையாகச் சுருக்குவதை நான் ஏற்கவில்லை. முறைமாமன், முறைப்பெண் என்ற சொற்களை மலையிலிருந்து இறக்குமதி செய்தவர்கள் அல்லர் சமவெளியினர். 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டு வழக்கொன்றில், பத்து ஆண்டுத் தண்டனை பெற்றிருந்த தாய்மாமனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பெண் முதல் குழந்தையைப் பெற்றபோது அவளுக்கு வயது பதினைந்து. இருவரும் திருமணம் செய்துகொண்டு குழந்தைகளோடு நன்றாக வாழ்வதையும், தமிழ்நாட்டில் தாய்மாமனைத் திருமணம் செய்யும் வழக்கம் இருப்பதாகத் தங்களிடம் கூறப்பட்டதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். தண்டனையிலிருந்து தப்புவதற்காகவே அந்தத் திருமணம் நடந்திருக்கலாம் என்று அரசு எதிர்த்தது. இந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று நீதிமன்றமே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளை மட்டும் பெயர்த்தெழுதிய ஜாமீன் மனுக்களை நான் கையில் வைத்துப் படித்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பு ஒரு குடும்பத்துக்கு நன்மை செய்திருக்கலாம். அதைப் படித்துவிட்டு அவசரமாகத் தாலி வாங்கப் போனவர்கள் எத்தனை பேரோ என்ற கவலை எனக்கு உண்டு.

மீண்டும் பதிவேட்டுக்கு வருகிறேன், ஏனெனில் வழக்கின் உயிர் அங்கேதான் இருந்தது. சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வயதை நிறுவுவதற்கு வரிசை வகுத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்; அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ்; இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை. 2023இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் வராது என்று கூறி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே நான் அதே பாடத்தைத் தோல்வியில் கற்றிருந்தேன். வேறொரு சிறுமியின் வழக்கில், புலன் விசாரணையில் டி.சி.யின் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் சேர்த்திருந்தார்கள். அதை எழுதியவர் மாறுதலாகிப் போயிருந்தார். மூலப் பதிவேட்டைக் கேட்டு மனுப்போடும் எண்ணம் எங்களில் யாருக்கும் உரிய நேரத்தில் வரவில்லை. மருத்துவர் பதினேழு முதல் பத்தொன்பது என்று எழுதினார். இரண்டு ஆண்டு இடைவெளியின் ஐயத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே நீதிமன்றம் கொடுக்கவேண்டியிருந்தது. நீதிபதியின் மேல் எனக்குக் குறை இல்லை. கோப்பை முன்பே பிரித்துப் பார்க்காத என் மேல்தான் குறை.

மலைக்கிராமப் பதிவேடுகளில் மே, ஜூன் தேதிகள் மண்டிக்கிடப்பதற்குக் காரணம் எளியது. வீட்டில் பிறந்து பதிவு செய்யப்படாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வரும்போது, ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்கவேண்டும் என்பதற்காக ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவார். அந்தச் சிறுமியின் அம்மா என்னிடம், காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் பிறந்தவள் என்று சொல்லியிருந்தார். சேர்வராயனில் காப்பி அறுவடை குளிர்காலத்தில் நடக்கும். ஆக, பதிவேட்டின் ஜூன் 5 என்ற தேதியைவிட அவள் ஆறேழு மாதம் இளையவள். எதிர்த்தரப்பு கிளப்பிய ஐயத்தின் உண்மையான விடை, அவள் இன்னும் சிறியவள் என்பதுதான். ஆனால் அம்மா கூண்டில் ஏறி, மகளுக்குப் பதினெட்டு முடிந்த பிறகே கட்டிக்கொடுத்தோம் என்று சொல்லிவிட்டார். அங்கன்வாடியின் பெயர்ப்பட்டியலும், கிராம சுகாதாரச் செவிலியரின் தடுப்பூசிப் பதிவும் தலைமையாசிரியர் சொன்ன ஆண்டோடு ஒத்துப்போனதால் பதிவேடு நின்றது. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே வயதுக்குரிய ஆதாரம் என்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தைகள் 2041இல்தான் பதினெட்டைத் தொடுவார்கள். அதுவரை மலையில் நமக்குத் துணை துண்டில் சுற்றிய இந்தப் பதிவேடுகளே.

விசாரணையில் அந்தச் சிறுமியும் பிறழ்ந்தாள். தனக்கு எல்லாம் சம்மதமே என்றாள். மாஜிஸ்திரேட்டிடம் முன்பு கொடுத்த வாக்குமூலத்தைக் காவல் துறையினர் சொல்லிக்கொடுத்தபடி சொன்னதாகக் கூறினாள். போக்சோவின் 29ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறதே என்று சிலர் எண்ணலாம். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பிறகே அந்த அனுமானம் பிறக்கும். இங்கே அடிப்படை உண்மைகள் இரண்டு. வயதைப் பதிவேடு நிறுவியது. மற்றதை, பிறந்த குழந்தையின் மரபணுப் பரிசோதனை நிறுவியது. பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதத்துக்குச் சட்டத்தில் பொருளில்லை என்பதால், சிறுமியும் உறவினரும் பிறழ்ந்த வழக்கு இரண்டு காகிதங்களின் மேல் நின்று தண்டனையில் முடிந்தது. கர்ப்பம் ஏற்பட்டதால் அது கடுமையான குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் போக்சோவின் 6ஆம் பிரிவு; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதன் குறைந்தபட்சத் தண்டனையே இருபது ஆண்டுகள்.

இந்த இருபது ஆண்டைப் பற்றி எனக்கு நிம்மதியில்லாத கருத்து ஒன்று உண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் விரும்பி வீட்டைவிட்டுப் போனாலும், அவள் கருவுற்றுவிட்டால் அதே பிரிவு, அதே இருபது ஆண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அப்படியொரு வழக்கை ரத்து செய்து, இளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறியது. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் காவல் துறைத் தலைமையும் இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யவேண்டாம் எனச் சுற்றறிக்கை விட்டது. அந்த வேறுபாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் அதை அளக்கும் கோல் தாலியாக இருக்கக்கூடாது. வயது இடைவெளி எவ்வளவு, அவள் யாருடைய சோற்றை நம்பி இருந்தாள், மறுத்திருந்தால் போக அவளுக்கு இடம் இருந்ததா என்பவையே கேட்கவேண்டியவை. நான் நின்ற இந்த வழக்கில் மூன்றுக்கும் விடை ஒரே பக்கம்தான் சாய்ந்தது. முப்பத்தொரு வயது ஆணின் வீட்டில் பதினைந்து வயதுச் சிறுமி மறுப்பதற்கு வழி ஏது?

தண்டனைத் தீர்ப்பு வந்து சில மாதங்கள் கழித்து அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எண்ணினேன். "அக்கா, ரேஷன் கார்டுல என் பேரு எங்க இருக்குது?" என்று கேட்டாள். தாலி கட்டியதும் அப்பா தன் அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்கியிருந்தார். மாமன் வீட்டார் தங்கள் அட்டையில் சேர்க்கவே இல்லை. எங்கும் பெயரில்லாததால் குழந்தையையும் எதிலும் சேர்க்க முடியவில்லை. இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப்போட்டிருந்தோம், வழக்கு முழுவதும் அவளுக்குத் துணை நிற்கும் உதவி நபரை நியமிக்கச் சொல்லிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டிருந்தோம். ஆனால் ரேஷன் அட்டையைப் பற்றி இரண்டு ஆண்டு விசாரணையில் எவருமே அவளிடம் கேட்கவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், குற்றத்தைவிட அதன் பின் வந்த வழக்கும் அலைச்சலுமே அவளை அதிகமாக நோகச் செய்தன என்று நிபுணர் குழு சொன்னதை ஏற்று, குற்றவாளி என்ற முடிவை வைத்துக்கொண்டே தண்டனையை மட்டும் நிறைவேற்றாமல் விட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ரேஷன் அட்டைதான் நினைவுக்கு வந்தது.

சென்ற ஏப்ரலில் அவள் மறுபடி வந்தாள். இப்போது தையல் வேலைக்குப் போகிறாள். ஊரில் இன்னும் அவளை அந்த வீட்டு மருமகள் என்றே கூப்பிடுகிறார்கள், அது தனக்கு வேண்டாம் என்றாள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது: குழந்தையாக இருந்தபோது திருமணம் செய்துவைக்கப்பட்டவர், பதினெட்டு நிறைந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் அதை இல்லாததாக்கக் கோரலாம். அவளுக்குப் பிறந்த குழந்தையின் சட்டபூர்வ நிலைக்கு 6ஆம் பிரிவு காப்பளிக்கிறது. ஆனால் மனுவை எழுத உட்கார்ந்தபோது என் கை நின்றுவிட்டது. குற்றவியல் நீதிமன்றத்தில் இது திருமணமே அல்ல, வழக்கமும் அல்ல என்று இரண்டு ஆண்டு வாதாடிய நான், இந்த மனுவின் இரண்டாம் பத்தியில், இன்ன நாளில் இன்ன கோயிலில் மனுதாரருக்குத் தாலி கட்டப்பட்டது என்று எழுதவேண்டியிருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன். "கட்டுனது கட்டுனதுதானேக்கா, அத எழுதுனாத்தானே அவுக்க முடியும்" என்றாள்.

இருபது வயது நிறைவதைப் பதிவேட்டின் தேதியைக் கொண்டே கணக்கிட்டோம். அவளுடைய உண்மையான பிறந்தநாளுக்கு இன்னும் ஆறேழு மாதம் இருந்தாலும், ஆசிரியர் எழுதிவைத்த ஜூன் 5ஐ நம்பி, கோடை விடுமுறைக்கு முன்பாகவே மனுவைத் தாக்கல் செய்தேன். வயதுக்கான ஆவணமாக அதே பக்கத்தின் சான்றிட்ட நகலை இணைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவர் கையெழுத்திட்டுத் தந்தார்.